மியாட்டாவுக்கு நிறம் மாற்றும் முன்: துரு, பெயிண்ட், பிறகுதான் வினைல்

காரின் நிறத்தை மாற்ற பெயிண்ட் மேல் ஒட்டும் பிலிம்தான் வினைல் ரேப். அது எதையும் மறைக்காது. 80, 90 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன்தான் அது. அடியில் இருக்கும் கீறல், தூசி, பட்டி போட்ட விளிம்பு எல்லாவற்றையும் அப்படியே மேலே காட்டிக்கொடுக்கும். பளபளப்பான கருப்போ கருநீலமோ என்றால் இன்னும் மோசம். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, "பெயிண்ட் மங்கிப்போச்சு, மேலே ரேப் ஒட்டிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

இந்தப் பதிவு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 பற்றியது. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி 1997 வரை வந்த, எழுந்து மடங்கும் ஹெட்லைட் வைத்த கார். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. மாஸ்டாவே 2017-இல் ஜப்பானில் இந்தத் தலைமுறைக்கு மறுசீரமைப்புத் திட்டம் அறிவித்து, மென்கூரை (மடக்கும் துணிக்கூரை), நார்டி ஸ்டியரிங், மர கியர் குமிழ் போன்ற நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரித்தது. கையில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான ஸ்போர்ட்ஸ் கார் எனக்குத் தெரிந்து இல்லை.

துரு எங்கிருந்து வருகிறது

காரின் அடியில் படுத்துப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியின் பின்முனை அது. முதலில் அழுகுவதும் அதுதான். மேலே கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே பாதி போய்விட்டது என்று அர்த்தம், ஏனென்றால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. மென்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அது இலை, சேறு அடைத்து நின்றால் தண்ணீர் வழிந்து சில்லுக்குள் போய்த் தேங்கும்.

எனவே வெல்டிங்குக்கு முன்பே வடிகாலைச் சரிசெய்யுங்கள். ஒரு குவளை தண்ணீரை மெதுவாக மூலையில் ஊற்றினால் சில நொடிகளில் காருக்கு அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையென்றால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு நன்றாக வேலை செய்யும். இதைச் செய்யாமல் புது சில் போட்டால் அந்தப் புதுத் தகடும் அதே வழியில்தான் போகும்.

சில் மாற்றும்போது வெளித்தகட்டை மட்டும் ஒட்டவைப்பது ஏமாற்று வேலை. வெளித்தகட்டை வெட்டியதும் உள்ளே வலுவூட்டும் தகடு தெரியும். பெரும்பாலும் அதுவும் பொடிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அதை முதலில் கட்டி, பிறகு வெளித்தகட்டை வைக்க வேண்டும். கூரையில்லாத காருக்குச் சில்தான் முதுகெலும்பு என்பதால், வெட்டும் முன் காரைச் சமதளத்தில் சரியாக முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்ததும் துருவைத் தடுக்க எபாக்ஸி பிரைமர், தகட்டு இணைப்புகளை அடைக்க சீம் சீலர், கடைசியாகச் சில்லின் உள்ளறைக்குள் தெளிக்கும் கேவிட்டி வாக்ஸ். வாக்ஸ் மட்டும் எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே. இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

முன் மட்கார்டின் கீழ்முனை, பின்சக்கர வளைவின் உதடு, இவற்றையும் பாருங்கள். டிக்கியைத் திறந்து பேட்டரிக்கு அடியிலும் பாருங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. தொழிற்சாலை வைத்தது ஆவி கசியாத வகை. யாராவது சாதாரண ஆசிட் பேட்டரியைக் காற்றுக்குழாய் இல்லாமல் வைத்திருந்தால் தரைத்தகடு அரித்திருக்கும். மாற்றும்போது ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் கண்ணாடி இழையில் ஊறியிருக்கும் மூடிய வகை) வாங்குங்கள். டெயில் லாம்ப் கேஸ்கெட் இறுகிப்போனாலும் டிக்கிக்குள் தண்ணீர் வரும். ரேப்புக்காக அந்த லாம்பை எப்படியும் கழற்றப்போகிறீர்கள், அப்போதே புது கேஸ்கெட் போட்டுவிடுங்கள்.

எஞ்சின் பக்கம், சுருக்கமாக

1.6, 1.8 லிட்டர் இரண்டுமே முரட்டு எஞ்சின்கள். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 96,000 கி.மீ. அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாத அமைப்பு, பயம் வேண்டாம். ஆனால் பழைய பெல்ட்டோடு ஓட்டுவதில் லாபமில்லை. தண்ணீர் பம்பு, டென்ஷனர், ஆயில் சீல்கள் எல்லாம் அதே வேலையோடு முடித்துவிடலாம்.

பயப்பட வேண்டியது 1990, 1991 தொடக்கத்து 1.6 எஞ்சின்களின் கிராங்க் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை. அவற்றில் மூக்கு குட்டை. முன்னால் உள்ள போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால் புல்லி ஆடி, அதைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்து, டைமிங் விலகிவிடும். கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் நான்கு பிளவுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிற்பாடு வந்த நீள மூக்கு. வாங்கும் முன் எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். தள்ளாடினால் விலை பேசுவதற்கே வேறு கணக்கு வேண்டும்.

எஞ்சினின் பின்பக்கம் ஆயில் கசிந்து கியர்பாக்ஸ் மேல் இறங்கினால் உடனே பின் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனை ஆயில் சீல்) என்று முடிவு கட்டாதீர்கள். கேம் சென்சாரின் ஓ-ரிங் பெரும்பாலும் குற்றவாளி. விலை மலிவு, கை நுழைவதுதான் கஷ்டம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் திக்கினால் முதலில் பிளக் வயர்களை மாற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பிலிருந்து பழுப்பாகிவிட்டால் வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லையா? கேபிளை இழுத்து இறுக்காதீர்கள். பின் காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் திருகு. பேட் டிஸ்க்கைத் தொடும்வரை இறுக்கி, பிறகு மூன்றில் ஒரு சுற்று தளர்த்தி விடுங்கள். கேபிள் அதற்குப் பிறகுதான்.

எந்தப் பெயிண்ட் மேல் ரேப் நிற்கும்

தொழிற்சாலை பெயிண்ட் நல்லபடி இருந்தால் அதைவிடச் சிறந்த அடித்தளம் இல்லை. பெயிண்ட் தடிமன் மீட்டரை வைத்துப் பாருங்கள்: 80 முதல் 150 மைக்ரான் என்றால் அசல், 300-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கலாம். இந்தக் காரின் பானட் அலுமினியம், ஆகவே இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அங்கே எதுவும் காட்டாது.

அந்தக் காலத்துக் கிளாசிக் ரெட் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் (நிறத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சு) கிடையாது. வெயிலில் அது வெளுத்து ரோஸ் நிறமாகி, கையில் தேய்த்தால் பொடி வரும். அந்தப் பொடி மேல் வினைல் ஒட்டாது. ஒட்டினது போல இருக்கும், முதல் வெயிலில் விளிம்புகள் தூக்கும். காம்பவுண்டு போட்டு, கெட்டியான பெயிண்ட் தெரியும்வரை பாலிஷ் செய்யுங்கள் (துணி சிவப்பாவது சகஜம்). பிறகு பாலிஷின் எண்ணெய்ப் பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்தெடுக்க வேண்டும்.

கிளியர் கோட் உரிந்த பேனலில் ஒட்டாதீர்கள். உரிந்த விளிம்பு மேலே கோடாகத் தெரியும், கழற்றும்போது மிச்சமும் கூடவே வரும். வெறும் பிரைமர் மேலும் ஒட்டக்கூடாது. வெல்டிங் செய்த இடங்களுக்கு முழு பெயிண்டும் கிளியரும் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். புதுப் பெயிண்ட் முழுதாகக் காய மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அவசரப்பட்டால் பெயிண்டிலிருந்து வெளியேறும் கரைப்பான் ஆவி வினைலுக்கு அடியில் குமிழாக நிற்கும். ஊசி குத்தினாலும் மறுநாள் திரும்பி வரும். பாதிக்கு மேல் பேனல்களுக்கு இப்படிப் பெயிண்ட் தேவைப்பட்டால், ரேப்பை மறந்துவிட்டு முழுக் காருக்கும் பெயிண்ட் அடிப்பதே புத்திசாலித்தனம்.

பிலிம், நிறம், அளவு

காஸ்ட் வகை (திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்யும்) பிலிம் மட்டுமே வாங்குங்கள். 3எம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்டபிள்யூ900 இரண்டும் அந்த ரகம். விலை குறைந்த காலண்டர் வகை (உருளைகளால் அழுத்தி நீட்டிச் செய்வது) தட்டையான பலகைக்குச் சரி. வளைவில் இழுத்து ஒட்டினால் அது தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், விளிம்பு திறந்துகொள்ளும். அகலம் 1.52 மீட்டர். இந்தக் காருக்குக் கூரை இல்லாததால் 12 மீட்டரில் முடிக்கலாம், ஆனாலும் 15 மீட்டர் வாங்குங்கள். பம்பர் ஒருமுறை கெட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் போய்விடும். முழுவதும் ஒரே பேட்ச் எண்ணில் இருக்கட்டும். மெட்டாலிக் என்றால் எல்லாத் துண்டுகளையும் ரோலின் ஒரே திசையில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் கதவும் மட்கார்டும் இரண்டு நிறமாகத் தெரியும்.

நிறத் தேர்வில் என் ஒரே பிடிவாதம்: கதவைத் திறந்தால் பழைய நிறம் தெரியும் என்பதை முதலில் யோசியுங்கள். வெள்ளை, வெள்ளிக் கார்கள் சாம்பல், இளநீலத்துக்கு மாறினால் கண்ணை உறுத்தாது. சிவப்புக் காரைப் பச்சையாக்கினால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குட்டு வெளிப்படும். கதவு ஓரங்களையும் ஒட்டலாம், ஆனால் ரப்பர் எல்லாம் கழற்ற வேண்டும், வேலை கிட்டத்தட்ட இன்னொரு பங்கு கூடும்.

ஒட்டும் வேலை

கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றுங்கள். லாம்புகள், சைடு மார்க்கர், ஆன்டெனா, கண்ணாடிகள், எம்பளம், கதவுக் கைப்பிடி. கைப்பிடியின் நட்டுகள் உள்பக்கம் கதவு அட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. ஹெட்லைட்டை உயர்த்திவிட்டு அதன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள், விரல் முக்கியம். ஹெட்லைட் மூடியின் போல்ட் இருந்த இடத்தை மார்க்கரால் குறியுங்கள். மூடியின் நான்கு விளிம்பிலும் வினைல் மடங்குவதால் இடைவெளி கொஞ்சம் குறையும், திரும்ப மாட்டும்போது பானட்டில் உரசாமல் நகர்த்தி வைக்க வேண்டும்.

அறை வெப்பம் 20 முதல் 25 டிகிரி. ஃபேன் வேண்டாம், தூசி பறக்கும். பானட்டில் தொடங்குங்கள். தட்டையானது, கை பழகும். காந்தம் வைத்து பிலிமைப் பிடிக்கலாம் என்ற யூடியூப் தந்திரம் அலுமினிய பானட்டில் நடக்காது, மாஸ்கிங் டேப் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் நின்று பின்தாளை உரித்து, பிலிமை இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் கண்ணாடிபோலக் கிடக்கும்படி இறக்குங்கள். ஃபெல்ட் ஒட்டிய ஸ்க்வீஜியை (பிலிமைத் தேய்த்து ஒட்டும் பிளாஸ்டிக் தகடு) 45 டிகிரி சாய்த்து நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். சுருக்கம் வந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். தூக்கி, லேசாகச் சூடு காட்டினால் பிலிம் பழைய வடிவுக்குத் திரும்பும், பிறகு மறுபடி இறக்கலாம். ஓரத்தில் 10 மி.மீ. விட்டு வெட்டி உள்பக்கம் மடியுங்கள்.

முன் பம்பர்தான் உண்மையான பரீட்சை. நடுவில் உள்ள வாய்ப்பகுதி ஆழமான குழி. ஒரே துண்டை உள்ளே இழுத்துத் திணித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் குழியிலிருந்து எழும்பி நிற்கும். குழிக்கு முதலில் தனித் துண்டு ஒட்டி, அதன் மேல் முகப்புத் துண்டை ஐந்தாறு மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். இணைப்பு நிழலில் விழும், யாருக்கும் தெரியாது. வளைவுகளில் சூடு கொடுத்து இழுக்கும்போது நிறம் வெளுக்கிறதா என்று பாருங்கள். வெளுத்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள், அந்த இடம்தான் முதலில் பழுதாகும். பிலிம் இறுகப் பிடிக்கப் பூசும் பசை பிரைமரை எல்லா ஓரத்திலும் பூசும் பழக்கமும் வேண்டாம். கழற்றும் நாளில் அது பெயிண்டோடு வரும்.

பெயிண்ட் மேல் பிளேடை ஓட்டாதீர்கள். கத்தி இறங்கிய கோட்டில் இரும்பு தெரிந்தால் வினைலுக்கு அடியிலேயே துரு ஓடும். பேனலின் நடுவே வெட்ட வேண்டிய இடங்களில் உள்ளே வெட்டும் இழை வைத்த நைஃப்லெஸ் டேப்பை முதலில் ஒட்டி, பிலிமை மேலே போட்டு, அதன் இழையை இழுத்தால் சுத்தமாக வெட்டிக்கொண்டு வரும்.

கடைசி வேலையைத்தான் பலர் விடுகிறார்கள். இழுத்த இடங்கள், மடித்த ஓரங்கள் எல்லாவற்றையும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். சரியான எண் அந்தந்த பிலிமின் தரவுத்தாளில் இருக்கும். கையால் தொட்டு ஊகிக்காமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து செய்யுங்கள். இந்தச் சூடுதான் பிலிமின் சுருங்கும் ஞாபகத்தை அழிக்கிறது. மறுநாள் காலை விளக்கடித்து ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள், எழும்பியது இருந்தால் அப்போதே பிடித்துவிடலாம்.

ஒரு வாரம் கழுவ வேண்டாம். பிறகும் கையால் மட்டும். பிரஷ் சுழலும் கார் வாஷ் ஓரங்களைப் பிடித்து இழுக்கும், பிரஷர் வாஷர் முனையை ஓரத்துக்கு நேராகக் காட்டக் கூடாது. பெட்ரோல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். பிரிட்டனில் என்றால் புது நிறத்தை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும். எந்த நாடானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

பானட், டிக்கி மூடி போல வானத்தைப் பார்க்கும் பரப்புகளில் வினைலின் ஆயுள் பக்கவாட்டைவிடக் குறைவு, உற்பத்தியாளர் வாரண்டியிலும் அந்த வித்தியாசம் உண்டு. அதனால் கழற்றும் நேரத்தை பானட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓரங்கள் இறுகி மொறுமொறுப்பாகும் முன்பே உரித்தால், லேசாகச் சூடு காட்டி, பேனலோடு ஒட்டினாற்போல் தாழ்வான கோணத்தில் இழுக்கும்போது முழுத் தாளாக வரும். தாமதித்தால் நகத்தளவு துண்டுகளாக உடையும், பசை முழுக்கக் காரிலேயே தங்கும்.