ஓரியன் படக் குறிப்புகள்

2024 டிசம்பர் 28

அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசு மேகமான ஓரியன் நெபுலாவைப் படமெடுப்பதில்தான் ஆரம்பித்தேன், எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் ஓரத்துத் தூசுப்படலம் வரை வந்துவிடுகிறது, ஆனால் நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டுக்குள்தான் டிரபீசியம் இருக்கிறது, மொத்த நெபுலாவையும் ஒளிர வைக்கும் இளம் நட்சத்திரக் கூட்டம். அதனால் 30 நொடி, 5 நொடி என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டியிருக்கிறது. 5 நொடிப் படத்தை முழுதாகப் பெரிதாக்கினால் நான்கு நட்சத்திரங்களும் பிரிந்து நிற்கின்றன, பக்கத்திலேயே கறுப்பாக உள்ளே வெட்டிக்கொண்டு வரும் தூசு, 'மீன் வாய்' என்று சொல்கிற இடம். சேர்த்து முடித்த அழகான படத்தைவிட இந்த ஒற்றை ஃப்ரேமைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1880இல் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். மூன்றே வருடத்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. காமனுக்கும் வானியல் தொழில் இல்லை, அவர் ஒரு பொறியாளர்.

2024 டிசம்பர் 31

ஸ்டாக்கிங். பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கசடு) குறையும், ஆனால் வர்க்கமூலக் கணக்கில்தான்: தரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு தர வேண்டும். கேமராவின் குறைகளைக் கழிக்க எடுக்கும் டார்க், ஃபிளாட் ஃப்ரேம்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு ஃப்ரேமில் மட்டும் இருப்பதை மென்பொருள் குப்பை என்று எடுத்துத் தள்ளிவிடுகிறது. ஓரியன் வான நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் அந்தப் பக்கம் குட்டிக் குட்டிக் கோடுகளாக அடிக்கடி விழும், அவை போவது நல்லதுதான். ஆனால் மெல்ல நகரும் சிறுகோள் ஒன்று குறுக்கே வந்தாலும் அதே கதிதான். அதனால் ஸ்டாக் செய்வதற்கு முன்னால் ஃப்ரேம்களை வரிசையாக வேகமாக ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். அமெரிக்க வானியலாளர் கிளைட் டோம்பா 1930இல் புளூட்டோவைப் பிடித்ததும் இப்படித்தான், ஜனவரியில் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து.

2025 ஜனவரி 3

நிறங்கள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எல்லாம் நாமாகப் பூசுவதுதானே என்று. முழுக்க அப்படி இல்லை. சிவப்பு 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் விடும் ஒளி. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியை மறித்துவிடும், அதனால்தான் அதை எடுத்துவிட்டு வேறு போடுகிறார்கள். நீலம் என்றால் பெரும்பாலும் தூசு பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியைத் திருப்பிவிடுகிறது என்று அர்த்தம், கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி இருப்பது அதுதான். ஓரியனின் நடுவில் தெரியும் பச்சைச் சாயல் ஆக்சிஜன். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தவர்கள் 'நெபுலியம்' என்றொரு புதுத் தனிமமே இருப்பதாக நினைத்தார்கள். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று 1927இல் ஐரா போவன் சொல்லும்வரை அந்தக் கதை ஓடியது. ஆக, நிறத்தைத் தூக்கிக் காட்டலாம், இடம் மாற்றக் கூடாது. சிவப்பாக இருக்க வேண்டியதை ஊதாவாக்கி லைக் வாங்குவது அவரவர் இஷ்டம், எனக்குப் பிடிக்கவில்லை.

2025 ஜனவரி 13

பௌர்ணமி. நெபுலா வேலைக்கு லீவு. செவ்வாய் இப்போது பக்கத்தில் இருக்கிறது, வானில் தெரியும் அகலம் 14.6 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). இதற்கு நீள எக்ஸ்போஷர் கிடையாது, இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்து, காற்று அடங்கிய நொடிகளின் ஃப்ரேம்களை மட்டும் பொறுக்க வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் கோள் சுழல்வதே படத்தை மங்கவைத்துவிடும். வடதுருவப் பனி தெளிவாக வந்தது.

2025 ஜனவரி 29

மறுபடி அமாவாசை. இந்த முறை எம்78, ஓரியனிலேயே இருக்கும் இன்னொரு நெபுலா. 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற அமெரிக்க அமெச்சூர், 3 அங்குலத் தொலைநோக்கியில் இதே இடத்தை எடுத்தபோது பழைய படங்களில் காணாத விசிறி மாதிரி ஒரு ஒளித்திட்டு இருந்தது. வி1647 ஓரியோனிஸ் என்ற பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் திடீரெனப் பொங்கி, முன்னால் இருந்த தூசை வெளிச்சமாக்கியிருந்தது. பிறகு தேடினால் 1966இல் வேறொரு அமெச்சூர் எடுத்த படத்திலும் அது இருக்கிறது! அத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. 2004க்குப் பிறகு மங்கியது, 2008இல் மறுபடி பொங்கியது. 3 அங்குலம் என்பது நம்மில் பலர் வைத்திருப்பதுதான், இன்றைய சென்சார்கள் அன்றையதைவிட எவ்வளவோ மேல்.

2025 பிப்ரவரி 1

1950களில் கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியால் எடுத்த வான அளவைத் தகடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் எம்78 பகுதியை இறக்கி, என் படத்தை அதன் அளவுக்குத் திருப்பிப் பொருத்தி, மாற்றி மாற்றிப் பார்த்தேன். மெக்நீல் நெபுலா இருக்க வேண்டிய இடம் என் படத்தில் இருட்டு. ஆனால் ஓரமாக ஒரு புள்ளி என்னுடையதில் பளிச்சென்றும் பழைய தகட்டில் மங்கலாகவும் இருந்தது, ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது. பட்டியலில் தேடினால் ஏற்கெனவே தெரிந்த மாறொளி நட்சத்திரம். சரி, போகட்டும். ஃப்ரேம்கள் எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு அழிக்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் ஸ்டாக் செய்த கையோடு அழித்துவிடாதீர்கள். அடுத்தது ஓரியனைச் சுற்றி வளைந்து கிடக்கும் பெரிய நெபுலாவான பார்னார்டு வளையம், அதற்குத் தொலைநோக்கியே வேண்டாம், 50 மி.மீ. லென்ஸ் போதும்.