ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு ஜோடி குழந்தைச் சாக்ஸ்

குழந்தைக்கு உல்லன் சாக்ஸ் பின்னிக் கொடுத்தால் பெரியவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். குழந்தையின் காலுக்குத் தெரிவது உட்பக்கம் மட்டும். உள்ளே ஒரு முடிச்சு இருந்தால் நாள் முழுக்க உறுத்தும். தளர்ந்து தொங்கும் ஓர் இழை கால்விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கிவிடும். குழந்தையால் அழ மட்டும்தான் முடியும். அதனால் இங்கே சொல்லும் குரோஷா முறை (முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் பின்னுவது) முழுக்க உட்பக்கத்தை நினைத்தே அமைந்தது. பூ, பட்டன், பாம்பாம் (நூல் பந்து), ரிப்பன் எதுவும் கிடையாது. பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் எதையும் குழந்தையின் காலில் வைக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

முதலில் நூல். சேலம் டவுனில் மார்கழி இரவுக்குக்கூட மெல்லிய காட்டன் சாக்ஸ் போதும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய்விட்டால் கதை வேறு. 1500 மீட்டர் உயரம், குளிர், அதோடு பனிமூட்டத்தின் ஈரம். அந்த ஈரத்தில் காட்டன் சாக்ஸைத் துவைத்துப் போட்டால் லேசில் காயாது, போட்டிருக்கும்போது நனைந்தால் காலைச் சில்லிட வைக்கும். நல்ல கம்பளி நூல் கொஞ்சம் ஈரமானாலும் சூடு தரும், ஆனால் விலை அதிகம், வெந்நீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அக்ரிலிக் பேபி நூல் மென்மையானது, சீக்கிரம் காயும், அடிக்கடி துவைக்கலாம். தினசரிக்கு அதுவே சரி. வாங்கும்போது நூல்கண்டைக் கையால் தடவிப் பார்த்தால் போதாது. விரல்நுனித் தோல் தடித்தது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் வைத்து அழுத்துங்கள். அங்கே குத்தினால் அந்த நூல் வேண்டாம்.

4 பிளை பருமனுள்ள நூல், 3 மி.மீ. குரோஷா ஊசி. ஒரு ஜோடி 25 கிராமுக்குள் முடிந்துவிடும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வளைகாப்புக்குப் பரிசாகப் பின்னும்போது பிறந்த குழந்தையின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்காலம் வருவதற்குள் சாக்ஸ் சின்னதாகிவிடுகிறது. பிறக்கும் மாதத்திலிருந்து மார்கழி வரை எண்ணிப் பாருங்கள். ஆவணியில் பிறக்கும் குழந்தைக்கு மார்கழியில் நாலு மாதம். அந்த வயதில் பாதம் ஏறக்குறைய 10 செ.மீ. இருக்கும். குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தூங்கும்போது குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை ஒரு நூலை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கீழே வரும் கணக்கு 10 செ.மீ. பாதத்துக்கு. இது சரிவர வேண்டுமானால் 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி (ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்தில் 25 சுற்று வர வேண்டும். மாதிரியைத் தட்டையாகப் பின்னாமல் வட்டமாகவே பின்னி அளக்கவும். இரண்டுக்கும் இழுவை வேறு. 24 கண்ணி வந்தால் கை இறுக்கம், ஊசியை 3.5 ஆக்குங்கள். குரோஷா தெரிந்தவர்களிடம் அதிகம் காணும் குறை இந்த இறுக்கம்தான். பின்னிய துண்டை மடித்தால் துணி மாதிரி விழ வேண்டும், அட்டை மாதிரி நிற்கக்கூடாது.

முழுக்க சிங்கிள் குரோஷா: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழு, ஊசியில் இரண்டு வளையம், மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழு. இதற்குப் பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் டபுள் குரோஷா என்று பெயர். பழைய புத்தகத்தையும் இணைய வீடியோவையும் சேர்த்து வைத்துப் பின்னுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். உயரமான கண்ணி சீக்கிரம் வளரும், ஆனால் இடையில் ஓட்டை விழும்; அந்த ஓட்டையில் சுண்டுவிரல் மாட்டும். நேரம் மிச்சப்படுத்துவதற்காக அதைச் செய்யாதீர்கள்.

விரல் முனைக்கு மேஜிக் ரிங் (நூல்முனையை இழுத்தால் இறுகி மூடும் வளையம்) போடுவது வழக்கம். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அந்த வளையத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு வால்நூல் (தொங்கும் நூல்முனை). பத்துத் துவையலில் அது நழுவினால் சரியாகக் கால்விரல் இருக்கும் இடத்தில் ஓட்டை திறக்கும். பதிலாக 6 செயின் (நூலை ஊசியில் சுற்றி, ஊசியிலுள்ள வளையத்தின் வழியே இழுப்பது) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி நாலு செயினில் ஒவ்வொரு சிங்கிள், கடைசிச் செயினில் மூன்று, அப்படியே திருப்பி அடிப்பக்கமாக மூன்று செயினில் ஒவ்வொன்று, தொடங்கிய செயினிலேயே மேலும் இரண்டு. மொத்தம் 12. ஒரு சின்ன நீள்வட்டம் வரும். இரண்டு ஓரத்திலும் நடுக்கண்ணியில் வேறு கலர் நூல்துண்டை அடையாளமாக மாட்டுங்கள். அடுத்த மூன்று சுற்றிலும் அந்த நடுக்கண்ணிக்கு முன்னால் உள்ளதிலும் பின்னால் உள்ளதிலும் இரண்டிரண்டு சிங்கிள். 16, 20, 24 என்று ஏறும். அடையாள நூலை ஒவ்வொரு சுற்றிலும் மேலே மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

பிறகு கூட்டாமல் 16 சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள், இரண்டாவது சாக்ஸுக்கு அந்தத் தாள் வேண்டும்.

இப்போது குதிகால். அதற்கான வாயைத் திறந்து வைத்துவிட்டு மேலே போய்விடுவோம், கடைசியில் திரும்பி வந்து அடைப்போம். ஆனால் வாய் திறக்கும் முன் சாக்ஸைத் தரையில் வைத்து விரல் முனை தட்டையாக இருக்கும்படி மடித்துப் பாருங்கள். வட்டமாகப் பின்னும்போது கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று ஒரு பக்கமாக நகரும். 16 சுற்றில் தொடக்க அடையாளம் ஓரத்தை விட்டு நன்றாகவே விலகியிருக்கும். அதை நம்பி வாய் வைத்தால் குதிகால் கணுக்காலின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மடித்த ஓரம் வரை இரண்டு மூன்று கண்ணி கூடுதலாகப் பின்னி, அங்கிருந்து 12 செயின், 12 கண்ணியை விட்டுவிட்டு எதிர் ஓரத்தில் சேர்த்து, மீதி 12 கண்ணியில் சிங்கிள். இந்த 12 செயினுக்கு மட்டும் 3.5 ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் காலில் ஏறாமல் சிக்கும் இடம் பெரும்பாலும் இதுவே. பாதத்தின் சுற்றளவைவிடக் குதிகால் வழியாகச் சாய்வாக எடுக்கும் சுற்றளவு அதிகம், இறுகிய செயின் அதற்கு வழி விடாது. அடுத்த சுற்றில் அந்தச் செயின் மேலும் 12 சிங்கிள் போட்டு, 24 கண்ணியாக நாலு சுற்று மேலே ஏறுங்கள்.

மேல்பட்டிக்கு எலாஸ்டிக் கோக்க வேண்டாம். 9 செயின் போட்டு, இரண்டாவதிலிருந்து 8 சிங்கிள் பின்னி இறங்கி, காலின் அடுத்த இரண்டு கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (கண்ணி வழியாக இழுத்த நூலை ஊசியிலுள்ள வளையத்தின் வழியாகவும் அப்படியே இழுப்பது) போட்டு, திருப்பி, அந்த 8 கண்ணியிலும் பின் இழையில் (கண்ணியின் மேலுள்ள இரண்டு இழையில் நமக்கு அப்பால் உள்ளது) மட்டும் ஊசியை விட்டு ஏறுங்கள். மேலே ஒரு செயின், திருப்பு, மறுபடி பின் இழையில் இறங்கு, இரண்டு ஸ்லிப். இப்படியே 24 கண்ணியும் தீரும்வரை. பின் இழையில் பின்னுவதால் வரிவரியாக மடிப்பு விழுந்து பட்டி தானே விரிந்து சுருங்கும். முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துத் தைத்துவிடலாம். போட்டுக் கழற்றிய பிறகு தோலில் தடம் கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும். அழுந்திய சிவப்புக் கோடு நின்றால் பட்டியைப் பிரித்துத் தளர்வாகப் பின்னுங்கள்.

குதிகால் வாய்க்குத் திரும்புவோம். விட்டுவைத்த 12 கண்ணி, செயினின் அடிப்பக்கம் 12, இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று, ஆக 26. மூலைக்கண்ணியை விட்டுவிட்டால் அங்கே கட்டாயம் ஓட்டை விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மூலைக்கண்ணிக்கு இரு பக்கமும் இரண்டை ஒன்றாக்கிக் குறைக்க வேண்டும்: 22, 18, 14, 10. மிஞ்சும் பத்தை ஐந்துக்கு ஐந்தாக வைத்துத் தையல் ஊசியால் மூடுங்கள். நாலு சுற்று முனை, 16 பாதம், ஐந்து குதிகால், மொத்தம் 25. அதாவது 10 செ.மீ. வேறு அளவு வேண்டுமானால் பாத நீளத்தை இரண்டரையால் பெருக்கி 9-ஐக் கழித்தால் நடுவில் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். 9 செ.மீ. பாதத்துக்கு 14 சுற்று. குழந்தை புஷ்டியாக இருந்தாலோ, காட்டன் நூலில் பின்னினாலோ (காட்டனுக்கு இழுவை குறைவு) முனையில் இன்னொரு சுற்று கூட்டி 28 ஆக்கிக்கொண்டு, நடுவில் ஒரு சுற்றைக் குறையுங்கள். குதிகால் வாய் அப்போது 14 கண்ணி.

இனிதான் முக்கியமான விஷயம். பின்னும்போது நம் பக்கம் தெரிவது ‘V’ வரிசை, வழவழப்பான பக்கம். உள்ளே இருப்பது மேடுபள்ளமான பக்கம். வால்நூல், தையல் விளிம்பு எல்லாவற்றையும் வழக்கம்போல அந்த மேடான பக்கத்திலேயே கொண்டுவந்து, ஒவ்வொரு வாலையும் 5 செ.மீ. ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் கண்ணிகளுக்குள் செருகி வெட்டுங்கள். முடிந்ததும் சாக்ஸைப் புறம் மாற்றி, மேடான பக்கம் வெளியே வரும்படி போட்டுவிடுங்கள். வழவழப்பு காலுக்கு, முடிச்சும் வாலும் வெளியே. பார்க்கிறவர்கள் திருப்பிப் போட்டிருக்கிறது என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். துவைத்த பிறகு தாயின் தலைமுடிகூட உள்ளே சிக்கியிருக்கும், அதுவும் விரலைச் சுற்றும்.

அக்ரிலிக் சாக்ஸ் மீது இஸ்திரி படக்கூடாது, தொய்ந்து உயிரிழந்துவிடும். குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும்போது சாக்ஸைக் கழற்றி வையுங்கள். கங்கு தெறித்தால் அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய பச்சைத்தண்ணீர் நல்லது. எந்த நூலானாலும் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் படுக்கையாகக் காயப் போடுங்கள். தொங்கினால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும்.

கால் சில்லென்று இருப்பதை வைத்து மட்டும் சாக்ஸ் மேல் சாக்ஸ் போடாதீர்கள். கைக்குழந்தைகளுக்குப் பாதம் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே வியர்த்திருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான். எழுந்து நிற்கத் தொடங்கும் குழந்தைக்கு மொசைக் தரையிலும் டைல்ஸிலும் இந்தச் சாக்ஸ் வழுக்கும். அந்த வயதில் படுக்கையிலும் இடுப்பிலும் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.