ஜாரில் இருக்கிறது, ஓடும் இடத்தில் இல்லை

பெருந்தரவைப் பல இயந்திரங்களில் பிரித்து அலசும் ஸ்பார்க்கில் ராத்திரி பேட்ச் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ (நிரலின் ஒரு துண்டான கிளாஸைக் காணோம்) என்று விழுந்தால், சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க் அலுவலகங்களில் மறுநாள் காலை முதலில் கேட்கும் பதில், “அதான் ஜார்லயே இருக்கே!” ஜார் என்பது ஜாவா கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்பு. சொல்பவர் பொய் சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்கத்தான் செய்யும். எந்த ஜேவிஎம்மின் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) கண்ணுக்கு அது படவில்லை என்று தேடினால்தான் வழி பிறக்கும்.

ஸ்பார்க்கில் வேலையைப் பங்கிடும் டிரைவர் ஒரு ஜேவிஎம், அதைச் செய்யும் எக்ஸிக்யூட்டர் ஒவ்வொன்றும் தனி ஜேவிஎம். பிழை ‘லாஸ்ட் டாஸ்க்’ என்ற வரியோடு வந்தால் எக்ஸிக்யூட்டர் பக்கம் போக வேண்டும். மெயின் த்ரெட்டில் வந்தால் டிரைவர். லாக் எடுக்கும்போது நேரத்தையும் கவனியுங்கள். கிளஸ்டர் (ஸ்பார்க் ஓடும் இயந்திரக் கூட்டம்) யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், சிங்கப்பூரில் அதிகாலை 2 மணிக்கு விழுந்த ஜாப் லாக்கில் முந்தைய நாள் மாலை 6 மணிக்குக் கிடக்கும். தேதி மாறிப்போய் வேறொரு ஓட்டத்தின் லாக்கை அலசுவது இங்கே சகஜம்.

அடுத்தது பிழையின் பெயர். ‘கிளாஸ்நாட்ஃபவுண்ட்’ என்றால் பெயர் சொல்லித் தேடியும் கிடைக்கவில்லை. ‘நோசச்மெத்தட்’ என்றால் கிளாஸ் இருக்கிறது, வெர்ஷன்தான் வேறு. நடுவில் உள்ள ‘நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்’ கொஞ்சம் ஏமாற்றும். அதன் கூடவே ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று இருந்தால் ஜாரைத் தொடவே வேண்டாம். கிளாஸ் ஏற்றப்பட்டுவிட்டது, அது தொடங்கும்போது ஒருமுறை ஓடும் ஸ்டாட்டிக் பிளாக்தான் வெடித்திருக்கிறது. உண்மையான காரணம் அந்த எக்ஸிக்யூட்டரில் முதலில் விழுந்த டாஸ்க்கில் இருக்கும். பிறகு விழுபவை எதிரொலிதான்.

அதிக நேரத்தைத் தின்பது ஃபேட் ஜார், அதாவது வேண்டிய நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய ஒரே ஜார். காஃப்காவைப் (தொடர்ந்து வரும் தரவைக் கடத்தும் அமைப்பு) படிக்கும் ஜாப் ‘ஃபெய்ல்ட் டு ஃபைண்ட் டேட்டா சோர்ஸ்: காஃப்கா’ என்று நிற்கும். ஜாரைப் பிரித்துப் பார்த்தால் காஃப்கா கிளாஸ்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆனால் ஸ்பார்க் ‘காஃப்கா’ என்ற சுருக்கப் பெயரைத் தேடுவது மெட்டா-இன்ஃப் அடைவின் சர்வீசஸ் கோப்பில். ‘டேட்டாசோர்ஸ்ரிஜிஸ்டர்’ என்று முடியும் அதே பெயரில் பல ஜார்களில் கோப்பு உண்டு. ஒன்றாக்கும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். இல்லையேல், எங்கிருந்தோ ஒட்டிய ‘மெட்டா-இன்ஃப் முழுவதும் டிஸ்கார்ட்’ என்ற விதி எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருக்கும். ஜார் கட்டும் கருவியான எஸ்பிடியில் சர்வீசஸ் கோப்புகளுக்கு மட்டும் ‘ஃபில்டர்டிஸ்டிங்ட்லைன்ஸ்’ விதியை அந்த டிஸ்கார்டுக்கு மேலே வைக்க வேண்டும். இன்னொரு கருவியான மேவனில் ஷேட் பிளகினுக்கு ‘சர்வீசஸ்ரிசோர்ஸ்டிரான்ஸ்ஃபார்மர்’ சேர்த்தால் போதும். கட்டிய ஜாரிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்து, ‘காஃப்காசோர்ஸ்புரொவைடர்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

ஜாப்பை அனுப்பும்போது நூலகங்களைத் தரவிறக்கும் ‘--பேக்கேஜஸ்’ ஆப்ஷன் நம் வங்கிகளின் வழக்கமான தலைவலி. மடிக்கணினியில் ஓடும், கிளஸ்டரில் ஓடாது, ஏனென்றால் அங்கிருந்து நூலகங்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலுக்கு வழியே இல்லை. உள்ளக ரெப்பாசிட்டரியின் முகவரியை தரவிறக்கும் கருவியான ஐவியின் செட்டிங்ஸ் கோப்பில் கொடுக்க வேண்டும். கிளஸ்டரின் வளங்களைப் பங்கிடும் யார்னில் இந்தத் தரவிறக்கம், ஜாப்பை அனுப்பும் ஸ்பார்க்-சப்மிட் ஓடும் இயந்திரத்தில் நடக்கிறது. ஆகவே ஃபயர்வால் அனுமதியும் அந்த இயந்திரத்துக்குத்தான் கேட்க வேண்டும், வொர்க்கர் நோடுகளுக்கு அல்ல.

நூலகத்தின் பெயரில் உள்ள ஸ்கலா மொழி வெர்ஷன் பின்னொட்டைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். ஸ்பார்க் 4 என்றால் 2.13 மட்டுமே. ஸ்பார்க் 3 பெரும்பாலும் 2.12, ஆனால் 3.2 முதல் 2.13-லும் வருகிறது. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தைப் படிக்கும் ‘எஸ்3ஏஃபைல்சிஸ்டம்’ காணோம் என்றதும் கிடைத்ததில் புதிய ஹடூப்-ஏடபிள்யூஎஸ் ஜாரைப் போடாதீர்கள். கிளஸ்டரின் ஹடூப்-காமன் எந்த வெர்ஷனோ, இதுவும் புள்ளி பிசகாமல் அதே வெர்ஷனாக இருக்க வேண்டும். 3.4.0-இல் இருந்து ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே (அமேசான் கிளவுடுக்கான நூலகத் தொகுப்பு) 2 வேண்டும், 3.3 வரிசைக்கு எஸ்டிகே 1.

டிரைவர் ஜாப்பை அனுப்பும் இயந்திரத்திலேயே ஓடும் கிளையன்ட் மோடில் டிரைவரின் எக்ஸ்ட்ரா கிளாஸ்பாத்தை (கிளாஸ் தேடும் இடங்களின் பட்டியல்) நிரலுக்குள் எழுதிப் பயனில்லை, அந்த வரிக்கு வரும் முன்பே ஜேவிஎம் கிளம்பிவிட்டது. நம் ஜாரை முதலில் தேடவைக்கும் ‘யூசர்கிளாஸ்பாத்ஃபர்ஸ்ட்’ சிலருக்குக் கைகொடுக்கிறது, ஆனால் ஸ்பார்க் ஆவணமே அதைச் சோதனை நிலையில் உள்ளது என்கிறது. குவாவா மாதிரி மோதும் நூலகங்களை ஷேடிங்கில் பெயர் மாற்றி வைப்பதே நிம்மதி.

இவ்வளவு பார்த்தும் புரியவில்லையா? ஸ்பார்க் யூஐயின் என்விரான்மென்ட் பக்கத்தில் கிளாஸ்பாத் பட்டியலைப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் எக்ஸிக்யூட்டரின் ஜாவா ஆப்ஷனில் ‘-வெர்போஸ்:கிளாஸ்’ சேர்த்து ஒருமுறை ஓடவிடுங்கள். எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று எஸ்டிடிஅவுட்டில் (நிரலின் வெளியீட்டு லாக்) வரிவரியாக வரும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள், லாக் டிஸ்க் தாங்காது.