மணிக்கு டிக் உண்டா, இல்லையா?

தோளில் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் இறக்கிவிட்ட நாய், மலை ஏறியதாகக் கணக்கில் வருமா? ஞாயிற்றுக்கிழமை ஷிஹாலியன் மலையில் ஆரம்பித்த வழக்கு, இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வராது என்பது என் கட்சி. வரும் என்பது இவர் கட்சி. மணி சோபாவில் என் இடத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டு நடுநிலை வகிக்கிறான்.

ஸ்காட்லாந்தில் 3000 அடியைத் தாண்டிய மலைகளுக்கு மன்ரோ என்று பெயர்; அந்த 282 மன்ரோக்களையும் மூன்று பேருமாக ஏறி முடிப்பது என்ற வைராக்கியம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். எக்செல் ஷீட்டில் ஆளுக்கொரு பத்தி. முதல் பத்தி இவர், இரண்டாவது மணி, மூன்றாவது நான். வரிசை சும்மா போட்டதாம். முழங்கால் வலி என்று நான் காரிலேயே உட்கார்ந்துவிட்ட மலைகளிலெல்லாம் மணி போய் டிக் வாங்கிவிட்டதால், இப்போது எண்ணிக்கையிலும் அவன்தான் எனக்கு முன்னால். ஆகவே இந்த வழக்கில் எனக்கு ஆதாயம் உண்டு. அதற்காக நியாயம் நியாயமில்லை என்று ஆகிவிடுமா?

ஷிஹாலியன் கீழே ரொம்பச் சாது. நல்ல பாதை. ஆடு மேயும் இடம் தாண்டும்வரை மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டால் போதும். மேலே போனதும் முதுகு முழுக்க உடைந்த குவார்ட்சைட் பாறைகள். இதுதான் உச்சி என்று நம்பி ஏறினால், அதற்குப் பின்னால் இன்னொன்று தலையை நீட்டும். அந்தப் பாறைகளுக்கு நடுவில் மணி உட்கார்ந்துவிட்டான். நாலு பாதத்தையும் புரட்டிப் பார்த்தோம், கீறல்கூட இல்லை. பிஸ்கட் காட்டினோம். வாங்கித் தின்றான். எழுந்திருக்கவில்லை.

1774-ல் நெவில் மாஸ்கலின் என்ற வானியலாளர் இதே மலையின் வடக்கிலும் தெற்கிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று மாதக்கணக்கில் அளந்தார். பூமி எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு. அதை வைத்துக் கணக்குப் போட்ட சார்லஸ் ஹட்டனின் விடை, உண்மையைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. எங்கள் வீட்டு விஞ்ஞானி மணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பத்து அடி வைத்தார். போன மாதம்தான் கால்நடை மருத்துவரின் தராசு 31 கிலோ காட்டியிருந்தது. "எண்பது கிலோ இருப்பான்" என்று அறிவித்தார்.

எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லாரும் நின்று, "அடடா, அடிபட்டுவிட்டதா?" என்று மணியின் தலையைத் தடவினார்கள். கீழே மூச்சிரைத்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பல்லக்கில் போகும் ஜமீன்தார் மாதிரி மணி எல்லாரையும் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தான். உச்சியில் இறக்கிவிட்டதுதான் தாமதம், முன்பின் தெரியாத ஒருவரின் சாண்ட்விச்சை நோக்கி ஒரே பாய்ச்சல்! இறங்கும்போது அதே பாறைகளில் தாவிப்போய், கீழே நின்று எங்களுக்காகக் காத்திருந்தான் வேறு.

நான் ராபர்ட்சனை இழுத்தேன். 1901-ல் முதன்முதலாக எல்லா மன்ரோக்களையும் முடித்தவர் என்று பெயர் வாங்கிய பாதிரியார். அவரே பென் விவிஸில் மழை என்று உச்சி தொடாமல் திரும்பியிருக்கலாம் என்று பிற்காலத்தில் சந்தேகம் கிளப்பிவிட்டார்கள். "பாதிரியாருக்கே சலுகை கிடையாது, இவனுக்கு என்ன?"

"அவர் தொடலை. மணி தொட்டான். நாலு காலாலயும் தொட்டான்" என்றார் இவர்.

இதற்கு என்னத்தைச் சொல்ல? அந்த ராபர்ட்சனும் லேசுப்பட்டவர் இல்லை. கடைசி மலையின் உச்சியில் முதலில் கற்குவியலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மனைவிக்குக் கொடுத்தாராம். எங்கள் வீட்டில் அந்த நாள் வந்தால், கல்லுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாயும் வரிசையில் நிற்கும்.

நேற்று இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த டிக்கை அழித்துவிடலாம் என்று ஷீட்டைத் திறந்தேன். அடியில் சில வரிகளுக்கு மஞ்சள் பூசி, பக்கத்தில் "மணிக்கு, பிறகு" என்று எழுதியிருந்தது. அதில் முதலாவது தி கேர்ன்வெல். 933 மீட்டர்தான். கிளென்ஷீ சாலையே 670 மீட்டர் வரை ஏறிவிடும், மிச்சம் இருப்பது ஒரு பெரிய மேடு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், கையோடு இதையும் முடித்துவிடலாமே என்று நான் கேட்பேன். "இன்னிக்கு வேண்டாம், அது எங்கே போகப்போகுது" என்று வண்டியை விட்டுவிடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் பூசியவை எல்லாமே அந்த ரகம். மணிக்கு இப்போது ஏழு வயது.

டிக்கை அழிக்காமல் விட்டேன். ஆனால் அந்த ஷீட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடிவிட்டேன். என் முழங்காலுக்கென்று ஒதுக்கி வைத்தது ஒரு மலைகூட இல்லை.