35 விழுக்காடு மானியமும் ஒரு கிராமச் சான்றிதழும்

கரூர் ஏற்றுமதியாளர்களுக்கு மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் தைத்துக் கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றை, பி.எம்.இ.ஜி.பி. என்று எல்லோரும் சொல்லும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் பெற்று, ஒருவழியாகத் தொடங்கிவிட்டேன். இணைய விண்ணப்பம், மாவட்டத் தொழில் மையத்தின் பரிசீலனை, தொழில்முனைவோர் பயிற்சி ஆகியவை சிரமமின்றி முடிந்தன.

என்னை அலைக்கழித்தது ஊரகப் பகுதிச் சான்றிதழ். பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25 விழுக்காடும் ஊரகத்தில் 35 விழுக்காடும் மானியம் என்பதால், மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஓர் ஊராட்சியில் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தேன். 9.5 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் இந்த வேறுபாடு மட்டுமே 95,000 ரூபாய். கிராம அலுவலகத்தில் இருந்தவரோ, ஊராட்சி என்றாலே கிராமம்தானே, அதற்கு எதற்குத் தனியாகச் சான்று என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். பிறகு அவர் எழுதித் தந்த தாளில் முத்திரை இருந்தது, புல எண் இல்லை. அதைத் திருத்தி வாங்கச் சென்றபோது ஆளே இல்லை. சான்றிதழின் வாசகத்தைப் புல எண்ணோடு நீங்களே தட்டச்சு செய்து எடுத்துச் சென்று, வாடகை ஒப்பந்த நகலையும் உடன் காட்டினால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும்.

இதற்கிடையே, மானியத்தில் பங்கு கொடுத்தால் திட்ட அறிக்கை முதல், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வரை எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லி ஓர் இடைத்தரகரும் வந்தார். விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை, உத்யம் பதிவுக்கும் கட்டணம் இல்லை. தையல் இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள விலைப்புள்ளிகளை வாங்கி வைத்துக்கொண்டால், அறிக்கையில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும்.

வங்கியில்தான் உண்மையான சோதனை. என் பங்கு 5 விழுக்காடு, அதாவது 47,500 ரூபாய் போக மீதி கடன். இந்த அளவிலான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனாலும் கிளை மேலாளர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்பதையே வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருந்தார். அடமானமில்லாக் கடனுக்காக வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியம் எதற்காக இருக்கிறது என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. அடமானம் தேவை என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று கடிதம் கொடுத்த பிறகு, பத்திரம் என்ற சொல் அந்த அறையில் மீண்டும் எழவில்லை. வாய்ப்பேச்சில் கிடைக்காதது, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை பதிந்த ஒரு நகலில் கிடைத்துவிட்டது.

கடன் வந்தபின் உறவினர்கள் மானியத்தை என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். அது கைக்கு வரும் பணம் அன்று; 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, கூடம் இயங்குவதை நேரில் சரிபார்த்த பிறகே கடனில் கழியும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வட்டி போடக் கூடாது. என் கணக்கு அறிக்கையில் முழுத் தொகைக்கும் வட்டி பிடித்திருந்தார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் திருத்தவில்லை.