ரிஜெக்‌ஷன் ரேக்கும் ஒரு இன்டர்னும்

ஏப்ரல் பிறந்தால் பாலக்காடு பக்கத்துக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி கேட்டுகளில் இன்டர்ன்ஷிப் கேட்டு ஃபைலும் கையுமாக இன்ஜினியரிங் பிள்ளைகள் நிற்பார்கள். இப்போது நான் அவர்களை உள்ளேயிருந்து பார்க்கிறேன். வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவு. பெரும்பாலோர் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, பதில் வராமல் நேரில் வந்தவர்கள். மெயிலில் 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று இருக்கும். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது.

1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஆள்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தாக வேண்டும். ஆனால் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் டிகிரி முடித்த பிறகு. 2024-இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் (அப்போது 12 மாதம், மாதம் 5,000 ரூபாய்) தொடங்கியபோது, அதுவும் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இல்லை. மூன்றாம் வருடப் பிள்ளைக்கு உள்ள வழி நேராகப் போய்க் கேட்பதுதான். அப்படிக் கேட்கும்போது ஹெச்.ஆரைவிட பர்ச்சேஸ், குவாலிட்டி, மெயின்டெனன்ஸ் பிரிவுகளில் யாரையாவது பிடிப்பது நல்லது. முடிக்க ஆளில்லாத வேலை குவிந்து கிடப்பது அவர்கள் மேஜையில்தான். போனஃபைட் கடிதம் (கல்லூரியில் படிப்பதற்கான சான்று), இன்ஷூரன்ஸ் நகல், சொந்தமாக ஒரு சேஃப்டி ஷூ கையில் இருக்கட்டும். ஷூ இல்லாத ஒரே காரணத்தால் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரைப் பார்க்காமல் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தே நாளைக் கழித்தவர்கள் உண்டு.

நான் இன்டர்னாகப் போன கம்பெனி இதைவிடச் சின்னது. ஸ்டைபண்ட் கிடையாது, கேன்டீன் சாப்பாடு உண்டு. வால்வின் வெளிக்கூடான பாடி கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் வார்த்து வரும்; மெஷினிங், அசெம்பிளி, டெஸ்டிங் இங்கே. எனக்கு கைடாகப் போட்டிருந்த ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்கு என் பெயர் தெரியவே பல நாளானது. "எல்லாத்தையும் சுத்திப் பாரு" என்றார். அப்படிச் சொன்னால் ஒன்றையும் பார்க்க முடியாது. நான் ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்ச் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வால்வின் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல் 1.5 மடங்கு ஏற்றி வைப்பார்கள். பாடியில் எங்காவது வியர்த்தால் ரிஜெக்‌ஷன். கொடுமை என்னவென்றால் அந்தக் கோளாறு வார்ப்போடு பிறந்தது. கடைசல் எல்லாம் முடிந்து கூலியும் கரன்ட்டும் டூலும் தீர்ந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. டெஸ்டிங் சேட்டன் கசிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ரேக்கில் அடுக்குவார். பர்ச்சேஸிலிருந்து இங்கிலீஷில் மெயில் போகும். 'நோட்டட்' என்று பதில் வரும். ரேக் நிறைந்துகொண்டே இருக்கும்.

நான் கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். படித்தது தமிழ் மீடியம், சர்டிபிகேட் கேரளா. பாலக்காடு டவுனில் எங்களைப் பாண்டி என்பார்கள், கோயம்புத்தூர் போனால் மலையாளத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒட்டாத இந்தப் பிழைப்புக்கு ஒரு உபயோகம் இருக்கும் என்று அதுவரை தோன்றியதில்லை. ஒரு நாள் பர்ச்சேஸ் சேட்டன் போனை என் கையில் திணித்து, "நீயொன்னு தமிழில் பறஞ்ஞு நோக்கு" என்றார்.

எதிர்முனையில் ஃபவுண்டரி ஓனர். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஏங் கண்ணு, வெறும் லீக்குன்னு மெயில் போட்டா நா எதையின்னு பாக்கறது? எந்த ஹீட்டு, எந்த எடத்துல ஓட்டைன்னு சொல்லோணும்ல?" என்றார். "சரிங்ண்ணா, நாளைக்கே சொல்லறனுங்" என்று வைத்தேன்.

ஒவ்வொரு பாடியிலும் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கலில் வார்த்தது என்று காட்டும் எண், இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ரேக்கில் இருந்ததை எல்லாம் இறக்கி ஹீட் நம்பர், வார்த்த தேதி, சாக்பீஸ் வட்டம் விழுந்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். வட்டங்கள் பெரும்பாலும் மேல் ஃப்ளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) கீழே ஒரே இடத்தில் விழுந்திருந்தன. தேதிகள் ஜூன் மழைக்குள் விழுந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று கோயம்புத்தூர் வரை அடிக்கும் நாட்கள் அவை.

நோட்டோடு கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்த அந்த ஃபவுண்டரிக்குப் போனேன். கம்பெனி அனுப்பவில்லை, ஓனர்தான் வரச் சொன்னார். மோல்டிங் மண்ணைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி, சோதித்தும் காட்டினார்கள். மண்ணில் ஈரம் சரியாகவே இருந்தது. வார்ப்புக்குள் வெற்றிடம் வர அச்சுக்குள் வைக்கும் மண் உருவான கோர்கள் அடுக்கியிருந்த இடம்தான் ஜன்னலை ஒட்டி இருந்தது. சிலிகேட் கோர் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதன்மேல் உருக்கு பாயும்போது ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும். கோரை உள்ளே தள்ளி வைத்து, வார்ப்பதற்கு முன் மறுபடி சூடு காட்டினார்கள். ரிஜெக்‌ஷன் அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. வகுப்பில் காஸ்டிங் டிஃபெக்ட் படத்துக்குக் கீழே லேபிள் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ஜன்னலைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

கல்லூரி கேட்ட ரிப்போர்ட்டில் கம்பெனி வரலாறு, ஆர்கனைசேஷன் சார்ட், தரக் கொள்கை எல்லாம் இருந்தன. அந்த நோட்டைச் சேர்க்க அதில் இடமில்லை, பின்னிணைப்பாகத் தைத்துக் கொடுத்தேன்.

இப்போது எங்களிடம் வருகிறவர்களை முதல் நாளே ரிஜெக்‌ஷன் ரேக் முன்னால் நிறுத்திவிடுகிறேன். பிளான்ட் சுற்றிப் பார்ப்பதெல்லாம் பிறகு. சிலர் முகம் சுளிப்பார்கள். போன வருடம் பாலக்காடு பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த பெண்ணுக்கு நல்ல ஹிந்தி. கிரைண்டிங்கில் இருக்கும் ஒடிசா, பீகார் ஆட்களோடு டீ குடித்துக்கொண்டே பேசி, ஒரு மெஷின் நடுங்குவதால் எல்லாரும் அதைத் தவிர்த்து மற்ற இரண்டில் வரிசை கட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். சூப்பர்வைசர் அதுவரை புது மெஷின் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பேரிங் மாற்றியதும் நடுக்கம் நின்றது. புது மெஷினுக்கான ஃபைல் இன்னும் பர்ச்சேஸில் இருக்கிறது, யாரும் திரும்ப வாங்கவில்லை.