சாம்பியன் ஹில்லுக்கு வரும் அணிகள்: எதிரணிப் பக்க நாட்குறிப்பு

ஜூலை 27

ஆட்ட நாளில் விற்கும் புரோகிராம் என்ற சிறு புத்தகத்தின் எதிரணிப் பக்கத்துக்காக, சீசன் தொடங்கும் முன்பே எதிரணிக் கோப்புகளைத் திறந்து வைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சனிக்கிழமை ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று என்று வாரத்துக்கு இரண்டு புரோகிராம்கூட அச்சுக்குப் போகும். அப்போது ஒரு கிளப்பின் நூறாண்டைத் துழாவ நேரம் இருக்காது.

நம் அணி டல்விச் ஹாம்லெட், மைதானம் சாம்பியன் ஹில். தென் லண்டனில் 1893-இல் தொடங்கிய கிளப். இளஞ்சிவப்பும் கருநீலமும் சட்டை. பிரீமியர் லீக், அதன் கீழே இ.எஃப்.எல் எனும் இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்கின் மூன்று டிவிஷன், இந்த நான்குக்கும் கீழே இருக்கும் பெரிய நான்-லீக் உலகத்தில் ஆடுவது. 1907-இல் லண்டன் சுற்றுவட்டார அணிகள் ஆடும் இஸ்த்மியன் லீக்கில் சேர்ந்தது. சம்பளம் வாங்காத வீரர்களின் அணிகளுக்கான அமெச்சூர் கோப்பையை 1920, 1932, 1934, 1937 என நான்கு முறை வென்றது. இந்த மைதானத்துக்கு வந்துபோகும் அணிகளில் பாதிக்கு மேல் நம்மைப் போலவே பழையவை. அவர்கள் வரலாற்றை ஏனோதானோ என்று எழுதக் கூடாது.

புரோகிராம் ஏ5 அளவு, நடுவில் பின் அடித்தது. ஆகவே பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். 32 பக்கம் என்றால் எதிரணிக்கு 16, 17-ஆம் பக்கங்களைக் கொடுக்க வேண்டும். நடுப்பக்கம் ஒரே தாளில் வருவதால் அகலமான அணிப் படம் மடிப்பில் விலகாது. வேறு இடத்தில் போட்டால் இரண்டு பாதியும் வேறு வேறு தாளில் அச்சாகும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நடுவில் நிற்பவரின் முகம் பிளந்துவிடும்.

கோப்பில் நிரப்ப வேண்டிய வரிசை: தொடங்கிய ஆண்டு, பெயர் மாறிய ஆண்டுகள், இணைப்புகள், ஆடிய மைதானங்கள், எந்த ஆண்டில் எந்த லீக். கோப்பைகள் கடைசியில்தான். பலர் கோப்பையில் தொடங்குகிறார்கள். அந்தக் கோப்பையை வென்றது இன்று வரும் கிளப்தானா என்பது முதல் ஐந்தும் நிரம்பினால்தான் தெரியும்.

ஆகஸ்ட் 4

நேருக்கு நேர் கணக்கு. லீக், எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை, நான்-லீக் அணிகளுக்கான எஃப்.ஏ. டிரோஃபி, லண்டன் சீனியர் கோப்பை ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. நட்பு ஆட்டங்களை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. கோப்பைப் போட்டியில் டிராவும் மறு ஆட்டமும் இரண்டு ஆட்டங்கள். ஒன்றாக மடக்கினால் கோல் கணக்கு உதைக்கும்.

பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றாலும் ஏட்டில் அது டிராதான். 2018 மே மாதம் ஹெண்டனை பிளே-ஆஃப் இறுதியில் பெனால்டியில் வீழ்த்தித்தான் ஹாம்லெட் இஸ்த்மியன் லீக்கிலிருந்து ஒரு படி மேலே, நேஷனல் லீக் சவுத்துக்கு ஏறியது. கிளப்பின் அண்மைக் கால ஆட்டங்களில் இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் ஹெண்டன் கணக்கில் 'வெற்றி' பத்தியில் அது ஏறாது. கீழே ஒரு அடிக்குறிப்பு போட்டால் போதும்.

அந்த ஆட்டத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2018-இன் தொடக்கத்தில் ஹாம்லெட் தன் சொந்த மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. டூட்டிங் அண்ட் மிச்சம் கிளப்பின் இம்பீரியல் ஃபீல்ட்ஸில்தான் சொந்த ஆட்டங்கள் நடந்தன. திரும்பியது அந்த ஆண்டு டிசம்பரில். ஆகவே 'உள்ளூர், வெளியூர்' என்ற இரண்டு பத்தி போதாது. இரவல் மைதானத்துக்கு மூன்றாவது குறி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் 'சாம்பியன் ஹில்லில் இவர்கள் தோற்றதே இல்லை' போன்ற வரிகள் பிழையாகிவிடும்.

கொரோனா சீசன்கள் இன்னும் மோசம். 2020 மார்ச் 26 அன்று எஃப்.ஏ. எடுத்த முடிவால் இஸ்த்மியன் உள்ளிட்ட கீழ்நிலை லீக்குகளின் 2019-20 முடிவுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. ஹாம்லெட் அப்போது ஒரு படி மேலே, நேஷனல் லீக் சவுத்தில்; அங்கே ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியில் அட்டவணையை முடித்தார்கள், முடிவுகள் நின்றன. அடுத்த சீசனில் நேஷனல் லீக் சவுத்தின் முடிவுகள் செல்லாமல் போயின. ஆனால் எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்கள் இரண்டு சீசனிலும் செல்லும். அழிந்த ஆட்டத்தை நட்சத்திரக் குறியுடன் பட்டியலில் காட்டலாம், மொத்தத்தில் கூட்டக் கூடாது. எதிரணியின் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு சீசன்களைத்தான்.

ஆகஸ்ட் 24

என்ஃபீல்ட் டவுன் கோப்பு. வடக்கு லண்டனின் இந்தப் பெயரில் வழுக்காதவர்கள் குறைவு.

1893-இல் தொடங்கிய என்ஃபீல்ட் எஃப்.சி. நான்-லீக்கின் பெரும் சக்தியாக இருந்தது. அமெச்சூர் கோப்பை 1967, 1970, எஃப்.ஏ. டிரோஃபி 1982, 1988. அவர்களுடைய சவுத்பரி ரோடு மைதானம் 1999-இல் விற்கப்பட்டது. அதன்பின் கிளப் வாடகை மைதானங்களில் ஊர் ஊராக அலைந்தது. சொந்த ஊருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. 2001-இல் ஆதரவாளர்கள் வாக்கெடுத்துத் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். அதுதான் என்ஃபீல்ட் டவுன், பிரிட்டனில் ஆதரவாளர்களே தொடங்கிச் சொந்தமாக நடத்தும் கிளப்புகளின் முன்னோடி. இதே வகைக் கிளப்பான ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது இதற்கு அடுத்த ஆண்டு.

பழைய கிளப் உடனே மூடப்படவில்லை. 2007 வரை அதுவும் ஆடியது. ஆறு ஆண்டுகள் இரண்டு என்ஃபீல்டுகளும் ஒரே நேரத்தில் இருந்தன. பழையது கலைந்ததும் அதன் இடத்தில் என்ஃபீல்ட் 1893 என்று மூன்றாவது ஒன்று வந்தது. ஆக, '1982 டிரோஃபி வென்ற என்ஃபீல்ட் இன்று நம் மைதானத்தில்' என்று எழுதினால் சட்டப்படி தவறு. எழுதாமலே விட்டாலும் நியாயம் இல்லை. 1982 இறுதி நடந்த அந்த வெம்ப்லி நாளில் கூட்டத்தில் நின்றவர்கள்தானே இந்தக் கிளப்பை உருவாக்கினார்கள்? இரண்டு பெட்டி போடுவதே சரி: ஒன்றில் என்ஃபீல்ட் எஃப்.சி., 1893 முதல் 2007 வரை. மற்றதில் என்ஃபீல்ட் டவுன், 2001 முதல். நேருக்கு நேர் கணக்கும் இரண்டு. கூட்டித் தரக் கூடாது. அவர்களின் இப்போதைய இடம் ராணி இரண்டாம் எலிசபெத் ஸ்டேடியம், 2011 முதல்.

செப்டம்பர் 14

டேகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ். என்ஃபீல்டில் ஒன்று பிரிந்தது. இங்கே நான்கு ஒன்றாயின. கிழக்கு லண்டன் அமெச்சூர் கால்பந்தின் பாதி இந்தப் பெயருக்குள் இருக்கிறது.

1905-இல் இஸ்த்மியன் லீக்கைத் தொடங்கிய ஆறு கிளப்புகள்: லண்டன் கலிடோனியன்ஸ், கிளாப்டன், கேஷுவல்ஸ், சிவில் சர்வீஸ், ஈலிங் அசோசியேஷன், இல்ஃபோர்ட். அந்த இல்ஃபோர்ட் 1979-இல் லேட்டன்ஸ்டோனுடன் இணைந்தது. 1988-இல் வால்தம்ஸ்டோ அவென்யூவும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட் என்று பெயர் மாறியது. 1992-இல் டேகனத்துடன் இணைந்து இன்றைய பெயர்.

உள்ளே இருக்கும் அமெச்சூர் கோப்பைகள்: இல்ஃபோர்ட் 1929, 1930, லேட்டன்ஸ்டோன் 1947, 1948, 1968, வால்தம்ஸ்டோ அவென்யூ 1952, 1961. ஏழு. இதை 'ஏழு முறை வென்ற அணி' என்று எழுதினால் தவறு. 'முன்னோடிக் கிளப்புகள் மூன்றும் சேர்ந்து ஏழு' என்பதே சரி. ஹாம்லெட்டின் பழைய போட்டியாளர்கள் இந்த மூவரும். 1987-இல் இல்ஃபோர்ட் என்ற பெயரில் ஒரு கிளப் மறுபடி எழுந்தது. அதற்குத் தனிக் கோப்பு.

அக்டோபர் 5

கொரிந்தியன்-கேஷுவல்ஸ். டால்வொர்த்தில் ஆடும் இந்த அணி வீரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. 1882-இல் தொடங்கிய கொரிந்தியன், கேஷுவல்ஸ் என்ற இன்னொரு கிளப்புடன் 1939-இல் இணைந்து உருவானது இது.

முதலில் உடை. அவர்களுடையது சாக்லேட் நிறமும் இளஞ்சிவப்பும், நம்முடையது இளஞ்சிவப்பும் கருநீலமும். மாற்றுச் சட்டையில்தான் வருவார்கள், ஆகவே பின்னட்டையில் அணிப் பட்டியலுக்கு மேல் வழக்கமான நிறத்தை அச்சடித்துவிடக் கூடாது. எந்தச் சட்டை என்று அவர்கள் செயலாளரிடம் கேட்ட பிறகே அந்தப் பக்கத்தை அனுப்ப வேண்டும்.

பிரேசில் கதை எல்லோருக்கும் தெரியும். 1910-இல் கொரிந்தியன் அங்கே சுற்றுப்பயணம் போனது. அந்த ஆட்டத்தைப் பார்த்த சாவ் பாவ்லோ தொழிலாளர்கள் அதே பெயரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1988-இல் கொரிந்தியன்-கேஷுவல்ஸ் அங்கே போனபோது பிரேசில் வீரர் சாக்ரடீஸ் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் சட்டை மாற்றிக்கொண்டு இவர்கள் பக்கம் ஆடினார். இதற்கு நான்கு வரி போதும். பெயர்க் குழப்பம் ஒன்றைத் தவிர்க்க வேண்டும்: 1937-38-இல் உலகம் சுற்றிய இஸ்லிங்டன் கொரிந்தியன்ஸ் வேறு. அன்றைய இந்தியாவில் டாக்காவில் மட்டும் 1-0 என்று தோற்ற அணி அது. அந்தப் பயணத்தை இவர்கள் பக்கத்தில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இந்தக் கோப்பில் நமக்கே வலிக்கும் ஒன்று உண்டு. எட்கர் கெய்ல். ஹாம்லெட்டுக்காக 400 கோலுக்கு மேல் அடித்தவர். மைதானத்துக்குள் போகும் பாதைக்கே அவர் பெயர். 1929 மே மாதம் இங்கிலாந்துக்காக பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின் அணிகளுக்கு எதிராக மூன்று ஆட்டம் ஆடினார். பிரான்ஸுக்கு எதிராக இரண்டு கோல். 'இங்கிலாந்துக்கு ஆடிய கடைசி நான்-லீக் வீரர்' என்று பெருமையோடு எழுதுவோம். 'கடைசி அமெச்சூர்' என்றுகூடச் சிலர் எழுதிவிடுகிறார்கள்.

பின்னது நிச்சயமாகத் தவறு. 1936 மே 9 அன்று பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்திடம் 3-2 என்று தோற்ற இங்கிலாந்து அணியில் பெர்னார்ட் ஜாய் ஆடினார். கடைசி அமெச்சூர் அவர்தான். அப்போது ஆர்சனலுக்கும் ஆடிக்கொண்டிருந்தார், ஆனால் அணிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது கேஷுவல்ஸ். அதே ஆண்டு கேஷுவல்ஸ் அமெச்சூர் கோப்பையை மறு ஆட்டத்தில் இல்ஃபோர்டை 2-0 என்று வீழ்த்தி வென்றபோது அணித்தலைவரும் அவரே. அப்படிப் பார்த்தால் நம் பெருமையின் முன்னதும் ஆட்டம் காண்கிறது.

கேஷுவல்ஸ் விருந்தாளியாக வரும் நாளில் இதை மறைத்து கெய்லைப் புகழ்வது சரியல்ல. 'நான்-லீக் கிளப்பில் மட்டுமே ஆடிக்கொண்டு இங்கிலாந்து அணிக்குப் போன கடைசி வீரர்' என்று எழுதினால் கெய்லுக்கும் குறைவில்லை, ஜாய்க்கும் உரியது கிடைக்கும். ஜாயின் வரி எதிரணிப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அக்டோபர் 19

கிங்ஸ்டோனியன். சாம்பியன் ஹில்லின் அதிகபட்சக் கூட்டம் 20,744. அது ஹாம்லெட் ஆட்டம் அல்ல: 1933 அமெச்சூர் கோப்பை இறுதி, கிங்ஸ்டோனியனும் ஸ்டாக்டனும். 1-1 டிரா, டார்லிங்டனில் நடந்த மறு ஆட்டத்தில் கிங்ஸ்டோனியன் 4-1. 'நம் கிளப்பின் சாதனைக் கூட்டம்' என்று இந்த எண்ணைப் போடுவது தவறு, 'மைதானத்தின்' என்றால் சரி. அதுவும் பழைய மைதானத்தின். இப்போதுள்ளது 1992-இல் அதே இடத்தில் கட்டியது, கொள்ளளவு சுமார் 3,000.

பழைய மைதானத்தில் 1948 ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றும் நடந்தது: கொரியா 5, மெக்சிகோ 3. எந்த எதிரணி வந்தாலும் அவர்கள் ரசிகர்கள் இதை விரும்பிப் படிக்கிறார்கள், ஆகவே நிலையான துணுக்காக வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 16

மழை. தண்ணீர் தேங்கினால் நடுவர் காலையிலேயே வந்து பார்த்து ஆட்டத்தைத் தள்ளிவைப்பார். ஆனால் புரோகிராம் வெள்ளிக்கிழமையே அச்சாகி வந்திருக்கும். அட்டையில் தேதி இருப்பதால் அப்படியே விற்க முடியாது. புதிய தேதி, புதிய அணிப் பட்டியல், மாறிய அட்டவணை மூன்றையும் ஏ5 ஒற்றைத் தாளில் அடித்து உள்ளே செருகுவதே சிக்கனம். இதற்காகவே எதிரணி வரலாற்றில் 'இன்று', 'கடந்த வாரம்', 'பட்டியலில் ஐந்தாம் இடம்' போன்ற சொற்களை எழுதக் கூடாது. நடப்பு நிலவரமெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டால் மற்ற 31 பக்கமும் மார்ச் வரை கெடாது.

டிசம்பர் 28

டூட்டிங் அண்ட் மிச்சம். டூட்டிங் என்றால் லண்டன் தமிழருக்குக் கடைத்தெருதான் நினைவுக்கு வரும். கால்பந்து ஏட்டில் அது 1959 ஜனவரி.

1932-இல் டூட்டிங் டவுனும் மிச்சம் வாண்டரர்ஸும் இணைந்த கிளப். 1958-59 எஃப்.ஏ. கோப்பையில் போர்ன்மத், நார்தாம்ப்டன் இரண்டையும் வீழ்த்தி மூன்றாம் சுற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டைத் தங்கள் சாண்டி லேன் மைதானத்துக்கு வரவழைத்தார்கள். உறைந்து மேடும் பள்ளமுமாக இறுகிய தரை. பாதியாட்டத்தில் 2-0 முன்னிலை. பிறகு ஒரு சுயகோல், ஒரு பெனால்டி, 2-2. மறு ஆட்டத்தில் ஃபாரஸ்ட் 3-0. அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் ஃபாரஸ்ட்தான், இறுதியில் லூட்டனை 2-1 என்று வீழ்த்தி. சாண்டி லேன் இப்போது இல்லை. இம்பீரியல் ஃபீல்ட்ஸுக்கு 2002-இல் மாறினார்கள். படத்தின் கீழ் மைதானப் பெயர் போடும்போது கவனம் தேவை: 1959 படத்துக்கு இம்பீரியல் ஃபீல்ட்ஸ் என்று எழுதினால் வெளியூர் ஸ்டாண்டில் நிற்கும் பெரியவர்கள் நேராக வந்து கேட்பார்கள். கேட்பதும் நியாயம்.

ஜனவரி 7

சட்டன் யுனைடெட். 1989-இல் இதே தேதியில் கேண்டர் கிரீன் லேனில் கவென்ட்ரி சிட்டியை 2-1 என்று எஃப்.ஏ. கோப்பையிலிருந்து வெளியேற்றியவர்கள். டோனி ரெய்ன்ஸ் ஒன்று, மேத்யூ ஹேன்லன் ஒன்று. மேலாளர் பேரி வில்லியம்ஸ், ஆங்கில ஆசிரியராக இருந்தவர். கவென்ட்ரி அப்போது முதல் டிவிஷன் அணி, அன்று அதுதான் உச்ச டிவிஷன். கோப்பையை வென்று இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

இந்தப் பக்கம் எழுத எளிது, அதனாலேயே கெட்டுப்போகிறது. எல்லோரும் 1989-ஐ மட்டும் எழுதுகிறார்கள். 1963 அமெச்சூர் கோப்பை இறுதியில் விம்பிள்டனிடம் 4-2 என்று தோற்றதும் இவர்கள்தான். விம்பிள்டனின் நான்கு கோலையும் எடி ரெனால்ட்ஸ் தலையால் முட்டியே அடித்தார். வெம்ப்லியில் அப்படி ஒன்றுக்கு எதிரே நின்றதும் சட்டனின் வரலாறுதான். அரைப் பத்தி தர வேண்டும்.

வரைவு முடிந்ததும் ஆட்டம் நடக்கும் வாரத்தின் செவ்வாய்க்குள் அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும், திருத்தம் புதன் இரவுக்குள் திரும்ப வேண்டும். பொதுவாகப் பெயர்களின் எழுத்துப்பிழை, கோல் அடித்தவர் வரிசை, மைதானம் மாறிய ஆண்டு இந்த மூன்றில்தான் திருத்தம் வருகிறது. கவென்ட்ரி பத்தியின் கீழேயே, அதே எழுத்தளவில், அடுத்த சுற்றும் போக வேண்டும்: 1989 ஜனவரி 28, நார்விச் சிட்டி 8, சட்டன் யுனைடெட் 0.